சோல் ஜாஸ் இசைத்தட்டுகள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நான் நியூ ஜெர்சியில் வசிக்கிறேன். சென்ற ஆண்டு இங்குள்ள ஒரு பழைய இசைத்தட்டுக் கடையில், அட்டைப்படம் பிடித்துப்போனதால் ஆர்கன் கலைஞர் ஜிம்மி ஸ்மித்தின் 'பேக் அட் தி சிக்கன் ஷாக்' எல்பியை (நீள இசைத்தட்டை) வாங்கினேன். அன்றிலிருந்து இந்த இசையை விட முடியவில்லை. ஆனால் ஜாஸ் நன்கறிந்த நண்பர் ஒருவர், ப்ளூஸும் தேவாலய இசையும் கலந்த இந்த சோல் ஜாஸ், ஆட்டத்துக்காக நீர்த்துப்போன ஜாஸ் என்கிறார். ஒரே ப்ளூஸையே திரும்பத் திரும்ப வாசிக்கிறார்கள், இந்தப் பணத்துக்கு ஜாஸ் மேதை ஜான் கோல்ட்ரேனின் தட்டை வாங்கலாமே என்பது அவர் வாதம். அவர் சொல்வது சரியா? இன்னொன்று: நான் தேடும் தட்டுகளின் முதல் அச்சுப் பிரதிகள் எட்டாத விலையில் இருக்கின்றன, அல்லது கீறல் விழுந்து கிடக்கின்றன. மறுபதிப்புகள் போதுமா? அடுத்து எதைக் கேட்கலாம்?

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

உங்கள் நண்பர் கோல்ட்ரேனைக் கேட்கச் சொல்வதில் எனக்கு மறுப்பில்லை. கோல்ட்ரேனைக் காட்டி ஜிம்மி ஸ்மித்தைத் தள்ளிவைப்பதில்தான் மறுப்பு. 1955-இல் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் குழுவில் சேர்வதற்குச் சற்று முன்பு, ஃபிலடெல்ஃபியாவில் ஜிம்மி ஸ்மித்தின் ஆர்கனுக்குப் பக்கத்தில் நின்று டெனர் சாக்ஸபோன் வாசித்தவர்தான் ஜான் கோல்ட்ரேன். இருவரும் ஒரே நகரத்தின் மதுக்கூட மேடைகளில், ஒரே மக்கள்முன், ப்ளூஸை அடித்தளமாகக் கொண்டு வளர்ந்தவர்கள். ஒன்றைக் கலை என்றும் மற்றதைப் பொழுதுபோக்கு என்றும் பிரித்தவர்கள் எழுதுபவர்களே தவிர வாசித்தவர்கள் அல்லர்.

ஒரே ப்ளூஸைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறார்கள் என்பது உண்மை. அதைக் குறையாகக் கருதுவது ஏன் என்பதுதான் எனக்குப் புரியவில்லை. நீங்கள் வாங்கிய தட்டின் தலைப்புப் பாடலையே எடுத்துக்கொள்ளுங்கள். அது 1960 ஏப்ரல் 25 அன்று, உங்கள் மாநிலத்திலேயே உள்ள எங்கிள்வுட் கிளிஃப்ஸில், ரூடி வான் கெல்டரின் ஒலிப்பதிவுக்கூடத்தில் பதிவானது. ஆர்கனில் ஸ்மித், டெனர் சாக்ஸபோனில் ஸ்டான்லி டரன்டைன், கிட்டாரில் கென்னி பர்ரல், டிரம்ஸில் டொனால்ட் பெய்லி. பேஸ் வாசிப்பவர் என்று தனியே ஒருவரும் இல்லை. நாம் கேட்கும் பேஸ் ஸ்மித்தின் இடது கையிலிருந்து வருகிறது, பாதம் மிதிகட்டைகளைத் தொட்டு அதற்கு அழுத்தம் கொடுக்கிறது. அடுத்த முறை தட்டை ஓடவிடும்போது சாக்ஸபோனையும் கிட்டாரையும் மறந்துவிட்டு, அந்த இடது கையை மட்டும் தொடக்கம் முதல் இறுதிவரை பின்தொடர்ந்து பாருங்கள். வலது கை என்ன செய்தாலும், எத்தனை வேகமாக ஓடினாலும், ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு விடாமல் நின்றாலும், இடது கை நடையை விட்டு இம்மியும் விலகுவதில்லை. பெய்லியும் அந்த நடையை முன்னே தள்ளாமல், பின்னே இழுக்காமல் தாங்கி நிற்கிறார். பன்னிரண்டு பார் (தாளச் சுற்று) கொண்ட ஒரு ப்ளூஸ் வட்டம் முடிந்து அடுத்தது தொடங்கும் ஒவ்வொரு முறையும் அழுத்தம் சிறிதளவு கூடியிருக்கும், அல்லது வேண்டுமென்றே தளர்ந்திருக்கும். இசை நிகழ்வது அந்தச் சிறிய ஏற்ற இறக்கத்தில்தான். கருத்து புதிது புதிதாக வந்துகொண்டே இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பவருக்கு இது காதில் விழாது.

அந்தக் கருவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஹாம்மண்ட் ஆர்கன் 1935-இல் விற்பனைக்கு வந்தபோது, குழாய் ஆர்கன் வாங்க வசதியில்லாத தேவாலயங்கள் அதை வாங்கின. கறுப்பின மக்களின் தேவாலயங்களில் அது வழிபாட்டின் குரலாகவே ஆனது. ஞாயிறு காலையில் பிரசங்கத்துக்குப் பின்னணியாகக் கேட்ட அதே ஒலி, சனி இரவில் மதுக்கூடத்திலும் கேட்டது. கேட்டவர்களும் பெரும்பாலும் அதே ஆட்கள். பி-3 என்ற மாதிரியில், மின்மோட்டார் சுழற்றும் 91 உலோகச் சக்கரங்கள் ஒலியை உண்டாக்குகின்றன; இழுத்துத் தள்ளும் பட்டைகளால் அந்த ஒலியின் நிறத்தை வாசிப்பவரே கலந்துகொள்கிறார்; லெஸ்லி என்னும் சுழலும் ஒலிபெருக்கி அதற்கு நடுக்கத்தைத் தருகிறது. பியானோ வாசித்துக்கொண்டிருந்த ஸ்மித், வைல்ட் பில் டேவிஸின் ஆர்கனைக் கேட்டு இந்தக் கருவிக்கு மாறினார். ஒரு கிடங்கை வாடகைக்கு எடுத்து, அதில் தனியே அமர்ந்து பழகினார். 1956-இல் ஹார்லெமின் ஸ்மால்ஸ் பாரடைஸில் அவரைக் கேட்ட ப்ளூ நோட் இசைத்தட்டு நிறுவனத்தின் நிறுவனர் ஆல்ஃப்ரெட் லயன் உடனே பதிவு செய்யத் தொடங்கினார்.

இந்த இசை பிறந்த இடங்கள் உங்கள் வீட்டிலிருந்து தொலைவில் இல்லை. நியூவார்க்கில் இருந்த 'தி ஃப்ரன்ட் ரூம்' என்ற சிறிய கூடத்தில் 1963 ஜூன் மாதம் ஆர்கன் கலைஞர் ஜாக் மெக்டஃப்பின் குழுவை பிரெஸ்டீஜ் நிறுவனம் நேரடியாகப் பதிவு செய்தது. கிட்டார் வாசித்த ஜார்ஜ் பென்சனுக்கு அப்போது வயது இருபதுதான். அந்தத் தட்டில் வரும் 'ராக் கேண்டி'யைக் கேட்கும்போது, கூடத்திலிருந்தவர்கள் எழுப்பும் கூவல்களையும் கவனியுங்கள். வாசிப்பவர் ஒரு சொற்றொடரை எவ்வளவு நேரம் நீட்டலாம் என்பதை அவர்களும் சேர்ந்தே முடிவு செய்கிறார்கள். தேவாலயத்தில் பிரசங்கியாரின் வரிக்குச் சபை மறுமொழி கொடுத்துப் பழகிய காதுகள் அவை. நீண்ட பதிவுகளை 'பகுதி ஒன்று, பகுதி இரண்டு' என்று வெட்டி, நிமிடத்துக்கு 45 முறை சுழலும் சிறு தட்டின் இரு பக்கங்களிலும் அச்சிட்டு நிறுவனங்கள் விற்றதும் இந்த மக்களுக்காகத்தான். அந்தத் தட்டுகள் அக்கம்பக்கத்து மதுக்கூடங்களில், காசு போட்டுப் பாட்டுக் கேட்கும் ஜூக்பாக்ஸ்களில் ஓயாமல் ஓடின.

தேவாலயத்தின் இசையை ஜாஸுக்குள் வெளிப்படையாகக் கொண்டுவந்ததை நான் ஒரு துணிவாகவே பார்க்கிறேன். 1955-இல் பியானோ கலைஞர் ஹொரேஸ் சில்வர் 'தி ப்ரீச்சர்' என்ற இசையைக் கொண்டுவந்தபோது, மேற்சொன்ன லயனே முதலில் அதைப் பதிவு செய்யத் தயங்கினார். ஐந்து ஆண்டுகளுக்குள் நிலைமை மாறியது. 1959 அக்டோபரில் சான் ஃபிரான்சிஸ்கோவின் ஜாஸ் வொர்க்‌ஷாப்பில் சாக்ஸபோன் கலைஞர் கேனன்பால் ஆடர்லியின் ஐவர் குழு, பியானோ வாசித்த பாபி டிம்மன்ஸின் 'திஸ் ஹியர்' என்ற இசையை வாசித்தது. ரிவர்சைட் வெளியிட்ட அந்தத் தட்டு பரவலாக விற்றது. 1965-இல் பியானோ கலைஞர் ராம்சே லூயிஸின் 'தி இன் க்ரவுட்' இசைத்துறை இதழான பில்போர்டின் பொதுப்பட்டியலில் ஐந்தாம் இடம் வரை சென்றது. 1967-இல் ஆடர்லியின் 'மெர்சி, மெர்சி, மெர்சி' பதினோராம் இடத்தைப் பிடித்தது. அதை இயற்றிய ஜோ ஸாவினுல் வியன்னாவிலிருந்து வந்த வெள்ளையர் என்பதை முதன்முறை அறிபவர்கள் வியப்பார்கள். இவ்வளவு விற்ற ஓர் இசை ஆழமற்றதாகத்தான் இருக்க வேண்டும் என்ற எண்ணம் அக்கால விமர்சனத்தில் ஊறிப்போயிருந்தது. உங்கள் நண்பர் அதை எங்கோ படித்து ஏற்றுக்கொண்டிருக்கலாம்.

எல்லாத் தட்டும் நல்ல தட்டு என்று நான் சொல்லவில்லை. அறுபதுகளின் கடைசியில், வானொலியில் புகழ்பெற்ற பாடல்களை அவசரமாக வாசித்து நிரப்பிய எல்பிகள் பல உண்டு. அவற்றில் சாக்ஸபோன் வாசிப்பவரின் சலிப்பு நமக்கே கேட்கும். ஆனால் அவற்றிலும் டிரம்ஸைக் கவனிக்க வேண்டும். சாக்ஸபோன் கலைஞர் லூ டொனால்ட்சனின் 'அலிகேட்டர் பூகலூ'வில் லியோ மாரிஸ் என்ற பெயரில் வாசித்தவர், பின்னர் இத்ரிஸ் முகமது என்று பெயர் மாற்றிக்கொண்ட நியூ ஆர்லியன்ஸ்காரர். அந்த ஊரின் தெரு ஊர்வலத் தாளத்தை அவர் இந்த இசைக்குள் கொண்டுவந்தார். டொனால்ட்சனின் 'ஓட் டு பில்லி ஜோ'வில் அவர் தொடங்கும் தாளத்தைப் பிற்கால ஹிப்-ஹாப் கலைஞர்கள் வெட்டியெடுத்து எண்ணற்ற பாடல்களுக்கு அடியில் வைத்தார்கள். இளைஞர்கள் மீண்டும் இந்தத் தட்டுகளைத் தேடத் தொடங்கியதற்கு அதுவும் ஒரு காரணம்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. சோல் ஜாஸின் முதல் அச்சுப் பிரதிகள் தேய்ந்து கிடப்பது தற்செயல் அல்ல. அவை அலமாரியில் வைப்பதற்காக வாங்கப்பட்டவை அல்ல. வீட்டு விருந்துகளில், கனமான முள்ளை வைத்த மலிவான கருவிகளில், இரவு முழுக்க ஓடியவை. அதனால்தான் கீறலற்ற பிரதிகள் அருகிப்போய், விலை அந்த உயரத்தில் நிற்கிறது. ப்ளூ நோட் பிரதிகளில், பாடல் முடிந்தபின் லேபிள் வரை உள்ள வெற்றுப் பகுதியில் வான் கெல்டரின் முத்திரையும், பிளாஸ்டிலைட் ஆலையில் அச்சானதைக் காட்டும், காது போல் தோன்றும் சிறு குறியும் இருக்கிறதா என்று சேகரிப்பவர்கள் பார்ப்பார்கள். 1963-இல் வெளியான உங்கள் தட்டுக்கு அந்தக் காது பொருந்தும். ஆனால் ப்ளூ நோட் நிறுவனம் லிபர்ட்டி என்ற இன்னொரு இசைத்தட்டு நிறுவனத்தின் கைக்குச் சென்றபின் 1966-இலேயே அந்த ஆலையில் அச்சிடுவது நின்றுவிட்டது. ஆகவே 1967-இல் வந்த 'அலிகேட்டர் பூகலூ'வில் காதைத் தேடுவது வீண். காது இல்லாததே அதன் முதல் அச்சு.

பழைய பிரதி வாங்கும்போது கண்ணை நம்பாதீர்கள். மேலோட்டமான மயிரிழைக் கீறல்கள் பல நேரம் ஒலியில் தெரிவதே இல்லை. ஓரிரு இடங்களில் டிக் டிக் என்று கேட்பதையும் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது பள்ளத்தின் தேய்மானம்: பளபளவென்று தோன்றும் தட்டில், சாக்ஸபோன் உச்சத்துக்குப் போகும் இடத்திலும் ஆர்கன் முழுவீச்சில் எழும் இடத்திலும் ஒலி கரகரத்து உடையும். எத்தனை கழுவினாலும் அது சரியாகாது. கடையில் கேட்டுப் பார்க்க அனுமதித்தால், பக்கத்தின் கடைசிப் பாடலில் ஆர்கன் உச்சத்துக்குப் போகும் இடத்தில் முள்ளை வையுங்கள்; உட்புறப் பள்ளங்களில்தான் கேடு முதலில் தெரியும்.

மறுபதிப்புகள் தாராளமாகப் போதும். கேட்பதற்காக வாங்குகிறீர்கள் என்றால், மூல ஒலிநாடாவிலிருந்து ஒலிப்பொறியாளர் கெவின் கிரே வெட்டும் ப்ளூ நோட்டின் 'டோன் போயட்' வரிசையும், அதைவிட மலிவான 'கிளாசிக் வைனில்' வரிசையும் குறையற்றவை. பிரெஸ்டீஜ், ரிவர்சைட் தட்டுகளுக்கு, ஃபேன்டஸி நிறுவனம் 1980-களில் வெளியிட்ட 'ஒரிஜினல் ஜாஸ் கிளாசிக்ஸ்' பதிப்புகளைப் பழைய தட்டுக் கடைகளில் தேடுங்கள். இன்றும் பலர் அவற்றைப் பொருட்படுத்தாமல் கடந்துபோகிறார்கள், ஒலியோ நன்றாகவே இருக்கிறது. மூலத் தட்டு ஒன்றைக் கையில் வைத்திருக்கும் இன்பம் வேண்டுமென்றால் 45 சுழற்சிச் சிறு தட்டுகளைத் தேடலாம். இந்த இசை அந்நாளில் தெருவில் எப்படிக் கேட்டது என்பதை அவை எல்பியைவிட நெருக்கமாகக் காட்டும்.

அடுத்துக் கேட்க வேண்டியவர் ஆர்கன் கலைஞர் ஷெர்லி ஸ்காட். ஃபிலடெல்ஃபியாவில் பிறந்த இவரைப் பற்றி எழுதுபவர்கள் ஸ்மித்துக்கு அளித்த இடத்தில் பாதிகூட அளித்ததில்லை. இது எனக்கு நெடுநாளாக உள்ள வருத்தம். டெனர் சாக்ஸபோன் கலைஞர் எடி 'லாக்ஜா' டேவிஸுடன் 1958-இல் பிரெஸ்டீஜுக்காகச் செய்த 'குக்புக்' தட்டில் 'இன் தி கிச்சன்' என்ற நீண்ட, மெதுவான ப்ளூஸ் உண்டு. ஸ்மித்தின் வேகமும் சுரக்குவியலும் இவரிடம் இல்லை. ஒரு நாண்கூட்டை (chord) அழுத்திவிட்டு, அது தணியும்வரை காத்திருந்து, பிறகு அடுத்ததை வைக்கிறார். அதன் பிறகு, அவர் தம் கணவர் டரன்டைனுடன் ப்ளூ நோட்டுக்காகப் பதிவு செய்த 'ஹஸ்லின்' தட்டைக் கேளுங்கள். உங்கள் தட்டில் ஸ்மித்துக்கு எதிரே உரத்து வாசித்த அதே டரன்டைன், இதில் ஸ்காட்டின் ஆர்கனுக்கு முன்னால் எவ்வளவு வேறு மாதிரி மூச்சுவிடுகிறார் என்பதைக் கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள்.