எப்ஸ்டீன்-பார் வைரஸ் பாசிட்டிவ் என்றால் புற்றுநோய் வருமா?

கேள்வி: அப்பாவுக்குச் சிறுநீரக மாற்று அறுவைக்கு முன் எடுத்த ரத்தப் பரிசோதனையில் எப்ஸ்டீன்-பார் வைரஸ் ஐஜிஜி பாசிட்டிவ் என்று வந்திருக்கிறது. இது புற்றுநோய் உண்டாக்கும் வைரஸாமே, பயப்பட வேண்டுமா?

பயப்படாதீர்கள். ஐஜிஜி என்பது வைரஸுக்கு எதிராக உடம்பு செய்யும் எதிர்ப்புப் புரதம்; அது பாசிட்டிவ் என்றால் வைரஸ் எப்போதோ உள்ளே வந்துவிட்டது என்று அர்த்தம். பெரியவர்களில் 100க்கு 90 பேருக்கு மேல் இது பாசிட்டிவ்தான். எனக்கும்தான். பெரும்பாலும் சின்ன வயதில் எச்சில் வழியாக வந்து, ஆயுசுக்கும் தங்கிவிடும்.

பெங்களூரில் ஓர் ஆய்வகத்தில் செல் வளர்ப்பது என் வேலை. ரத்தத்திலிருந்து பிரித்த வெள்ளணுக்களில் இந்த வைரஸை விட்டால், இரண்டு மூன்று வாரத்தில் அவற்றில் எதிர்ப்புப் புரதம் செய்யும் வகையான பி செல்கள் கொத்துக்கொத்தாகத் திரளும். குடுவையின் அடியில் ரவை சிந்தினாற்போல் கண்ணுக்கே தெரியும். சிவப்பாக இருந்த வளர்ப்பு நீர் எலுமிச்சை மஞ்சளாகிவிடும். அதற்குப் பிறகு அவை சாகாமல் பெருகிக்கொண்டே இருக்கும்.

காரணம் வைரஸின் புரதங்கள். பி செல் பெருக வேண்டுமென்றால் டி செல் என்ற காவல்கார வெள்ளணுவிடமிருந்து அனுமதி வர வேண்டும். எல்எம்பி1 என்ற புரதம் அந்த அனுமதி வந்துவிட்டதுபோல ஓயாமல் சைகை கொடுக்கும். காலிங் பெல் பொத்தான் அமுங்கியபடியே மாட்டிக்கொண்டால் எப்படி இருக்கும், அப்படி. இபிஎன்ஏ1 என்ற இன்னொன்று வைரஸ் டிஎன்ஏவை நம் குரோமோசோமோடு சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். செல் இரண்டாகப் பிரியும்போது வைரஸும் கூடவே போய்விடும்.

அப்புறம் ஏன் எல்லோருக்கும் புற்றுநோய் வருவதில்லை? அந்தக் குடுவையில் சைக்ளோஸ்போரின் சேர்ப்போம். டி செல்லை அடக்கும் மருந்து. ஒருமுறை அதைச் சேர்க்க மறந்துவிட்டேன். கொத்துகள் வந்தன. நாலாவது வாரம் பார்த்தால் ஒன்றுகூட இல்லை. டி செல்கள் தேடித்தேடி அழித்திருந்தன. ரத்தம் கொடுத்தவர் உங்கள் அப்பாவைப் போலவே பாசிட்டிவ். நம் உடம்பிலும் தினமும் இதுதான் நடக்கிறது. ஆரோக்கியமானவரின் ரத்தத்தில் பத்து லட்சம் பி செல்லுக்குச் சுமார் 1 முதல் 50 செல்லில்தான் வைரஸ் இருக்கும், அதுவும் அநேகமாகப் புரதம் எதையும் காட்டாமல் பதுங்கியபடி.

சிறுநீரகம் மாற்றியவர்களுக்குக் கொடுப்பதும் சைக்ளோஸ்போரின், டாக்ரோலிமஸ் போன்ற மருந்துகள்தான். காவல் தளரும்போது சிலருக்கு இந்த பி செல்கள் பெருகி லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் வரை போகலாம். ஆனால் அதிக ஆபத்து நெகட்டிவாக இருந்து, பாசிட்டிவான கொடையாளியின் உறுப்பைப் பெறுபவர்களுக்குத்தான். அவர்களுக்குப் பழகிய டி செல் இருக்காது. அப்பாவுக்கு இருக்கிறது. இந்த விஷயத்தில் அவருடைய பாசிட்டிவ் நல்ல செய்தி என்றே சொல்வேன்.

சரி, மாற்றிய பிறகு விடாத காய்ச்சல், கழுத்திலோ அக்குளிலோ கட்டி, காரணமில்லாத எடைக்குறைவு தெரிந்தால் அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள். வைரஸ் அளவைப் பார்த்து அவர்தான் மருந்தைக் குறைக்க வேண்டும். நீங்களாக ஒரு மாத்திரையைக்கூட நிறுத்திவிடாதீர்கள்.