வராதவர் பட்டியலில் ஒரு பெயர்

கேள்வி: ஐயா, மயிலாடுதுறைப் பக்கத்துக் கிராமத் திருச்சபை ஒன்றில் ஒன்பது ஆண்டுகளாகச் செயலாளராக இருக்கிறேன். எங்கள் போதகர் ஐயர் ஐந்து ஊர்ச் சபைகளைப் பார்க்க வேண்டியிருப்பதால் மாதத்தின் முதல் ஞாயிறு மட்டுமே எங்கள் ஊருக்கு வருகிறார். மற்ற ஞாயிறுகளில் ஆராதனை நடத்தவும் நோயாளிகளைச் சந்திக்கவும் சபையாரைப் பழக்க வேண்டும் என்று, செவ்வாய், வெள்ளி மாலைகளில் 12 வாரப் பயிற்சி வகுப்பு நடத்தினேன். குறிப்புகள் அச்சடித்துக் கொடுத்தேன். வருகைப் பதிவேடும் வைத்தேன். 31 பேர் பெயர் கொடுத்தார்கள். கடைசியில் மிஞ்சியது 5 பேர். என் மனைவியே வரவில்லை. அம்மா இரண்டு வருடமாகப் படுத்த படுக்கை. வகுப்பு முடிந்து நான் வீடு திரும்பப் பத்து மணி ஆகிவிடுவதால், அவள்தான் அம்மாவுக்கு வேதத்திலிருந்து ஒரு சங்கீதம் வாசித்து, ஜெபித்துத் தூங்க வைக்கிறாள். எங்கள் தெருவிலிருக்கும் வயதான அம்மாமார் இரண்டு பேரும் அந்த நேரத்தில் வந்து உட்கார்ந்துகொள்வார்கள். பயிற்சி முடித்தவர்கள் மட்டுமே சபைக் குழுத் தேர்தலில் நிற்கலாம் என்று விதி கொண்டுவந்தால் ஆட்கள் வருவார்களா?

பதில்: தம்பி, விதி கொண்டுவர வேண்டாம். கொண்டுவந்தால் ஆட்கள் வருவார்கள். தேர்தல் முடிந்த மறுவாரமே போய்விடுவார்கள். ஊர்ப் பெயரை மாற்றினால் இதே கடிதம் எனக்குப் பல சபைகளிலிருந்தும் வந்திருக்கிறது. வகுப்புக்கு ஆள் வராத வருத்தத்தைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. நீங்கள் போகிறபோக்கில் எழுதிவிட்ட அம்மாவைப் பற்றிய வரிகளைத்தான் நான் மூன்று முறை படித்தேன்.

நோயாளியைச் சந்திக்கச் சபையாரைப் பழக்குவதற்காக வகுப்பு நடத்தினீர்கள். அந்த வகுப்பு நடந்த அதே நேரத்தில், உங்கள் சொந்த வீட்டில் ஒரு நோயாளியின் கட்டிலருகே வேதம் திறக்கப்பட்டது, ஜெபம் ஏறெடுக்கப்பட்டது, யாரும் அழைக்காமலே இரண்டு பேர் வந்து உட்கார்ந்தார்கள். அதை நடத்தியவருடைய பெயருக்கு நேராக நீங்கள் 24 வகுப்புகளிலும் வரவில்லை என்று குறித்திருக்கிறீர்கள். உங்கள் சபையில் பயிற்சி பெற்றவர்கள் ஐந்து பேர் என்று எழுதினீர்களே, ஆறாவது ஆள் உங்களுடைய சமையலறையில்தான் இருக்கிறார். அவரைக் காண உங்களால் முடியவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். படுக்கையில் இருப்பவர் உங்கள் அம்மா. மருமகள் மாமியாருக்குச் செய்வது அன்பு. மகன் தாய்க்குச் செய்வது கடன். அந்தக் கடனை மனைவியின் தோளில் ஏற்றிவிட்டு, ஊர் நோயாளிகளைச் சந்திப்பது எப்படி என்று ஊருக்குப் பாடம் நடத்தினால், பாடம் கேட்க வந்தவர்களுக்கு அது தெரியாமலா இருக்கும்? கிராமத்தில் யார் வீட்டில் எத்தனை மணிக்கு விளக்கு அணைகிறது என்பது எல்லாருக்கும் தெரியும். நம் லுத்தரன் திருச்சபையின் விசுவாசப் பாடநூலாகிய ஞானோபதேசத்தில் தாய் தகப்பனைக் கனம்பண்ணுவது நான்காம் கற்பனையாக நிற்கிறது. பிறருக்கு நாம் செய்ய வேண்டிய கடமைகளின் வரிசையே அதிலிருந்துதான் தொடங்குகிறது. அம்மாவுக்கு இரவில் எந்தச் சங்கீதம் வாசிக்கப்படுகிறது என்று நீங்கள் எழுதவில்லை. உங்களுக்கு அது தெரியாது என்றே நினைக்கிறேன்.

அந்த ஞானோபதேசம் எப்படி வந்தது என்பதைச் செயலாளராகிய நீங்கள் நினைத்துப் பார்க்க வேண்டும். 1528இல் தொடங்கி ஜெர்மனியின் சாக்சனி நாட்டுச் சபைகளைப் பார்வையிட்ட, நம் திருச்சபையின் முன்னோடி மார்ட்டின் லுத்தர், கிராமத்து ஜனங்களுக்கு உபதேசம் தெரியவில்லை, போதகர்களில் பலருக்குக் கற்றுக்கொடுக்கவும் தெரியவில்லை என்று கண்டு மனம் நொந்தார். அதற்கு அவர் கண்ட மருந்து, 1529இல் முதலில் வீட்டுச் சுவரில் மாட்டும் தாள்களாகவும் பிறகு சிறு புத்தகமாகவும் அச்சான சிறிய ஞானோபதேசம். பத்துக் கற்பனை, விசுவாசப் பிரமாணம், கர்த்தருடைய ஜெபம் ஆகிய ஒவ்வொன்றின் தலைப்பிலும், இதை வீட்டுத் தலைவன் தன் வீட்டாருக்கு எளிமையாய்க் கற்றுக்கொடுக்க வேண்டிய விதம் என்றே அவர் எழுதி வைத்தார். சபையாருக்கான பயிற்சி நம்முடைய திருச்சபையில் அடுப்பங்கரையிலும் திண்ணையிலும் தொடங்கியது. பதிவேடு பிறகு வந்தது.

நம் மண்ணிலும் அப்படித்தான். 1778இல் பாளையங்கோட்டையில் ஜெர்மன் மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்ற கிளாரிந்தா அம்மையார் குருப்பட்டம் பெற்றவர் அல்லர்; விதவை. அந்த ஊரில் நிரந்தரமாக ஒரு போதகர் இல்லாத காலத்தில் ஜனங்களைச் சேர்த்துச் சபையைத் தாங்கியவர் அவர். அவர் முயற்சியால் எழும்பிய சிறு கோயில் 1785இல் பிரதிஷ்டையானது. அங்கே உபதேசியாராக அனுப்பப்பட்ட சத்தியநாதன் குருப்பட்டம் பெற்றது அதற்கும் பிறகு, 1790இல்தான். அந்தப் பெண்மணியை யாராவது வருகைப் பதிவேட்டை வைத்து அளந்திருந்தால் திருநெல்வேலிச் சீமைத் திருச்சபையின் கதை வேறாக இருந்திருக்கும்.

நான் குருப்பட்டம் பெற்ற முதல் வருடத்தில், மரணப் படுக்கையிலிருந்த ஒரு பெரியவரைப் பார்க்கப் போனேன். கல்லூரியில் படித்ததெல்லாம் தலையில் இருந்தது. இருபது நிமிடம் உயிர்த்தெழுதலைப் பற்றிப் பேசினேன். அவர் கண் திறக்கவில்லை. நான் நிறுத்தியதும், கட்டில் காலடியில் உட்கார்ந்திருந்த அவருடைய தங்கை எழுந்து வந்து, வெள்ளைத் துணியொன்றைத் தண்ணீரில் நனைத்து அவர் உதட்டைத் துடைத்தார். பிறகு காதருகே குனிந்து, “பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே” என்று சொல்லி நிறுத்தினார். பெரியவரின் உதடு அசைந்தது. அடுத்த வரியைச் சொல்லி மறுபடியும் நிறுத்தினார். ஆமென் வரை அப்படியே போனது. எழுதப் படிக்கத் தெரியாத அந்த அம்மாவிடம்தான் நோயாளியைச் சந்திக்க நான் கற்றுக்கொண்டேன்.

ஆகையால் வகுப்பை நிறுத்துங்கள். மிஞ்சிய ஐந்து பேரையும் உங்கள் மனைவியையும் இரண்டிரண்டு பேராகச் சேருங்கள். அனுபவப்பட்ட ஒருவரோடு பழகாத ஒருவர் போகட்டும். முதல் மூன்று வீடுகளில் புதியவர் வேதப் பகுதியை வாசித்தால் போதும். நாலாவது வீட்டில் அவர் ஜெபிக்கட்டும். ஏழாவது வீட்டில் மூத்தவர் வாயே திறக்காமல் இருக்கட்டும். திரும்பி வரும் வழியில், அந்த வீட்டில் எதைக் கேட்டோம், எதைக் கேட்கத் தவறினோம் என்று இருவரும் பேசிக்கொள்ளுங்கள். அந்தப் பேச்சு அவ்விருவரோடு நிற்க வேண்டும். துக்க வீட்டில் கேட்ட இரகசியம் டீக்கடைக்கு வந்துவிட்டால், பிறகு அந்தத் தெருவில் ஒரு கதவும் உங்களுக்குத் திறக்காது. ஐயருக்குத் தெரிய வேண்டியதை மட்டும், சம்பந்தப்பட்டவரின் சம்மதத்தோடு, ஐயரிடமே சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை வேதபாடம் வாசிப்பவர் அதைச் சனிக்கிழமை இரவு வீட்டில் மூன்று முறை உரக்க வாசித்துவிட்டு வர வேண்டும். ஐயர் இல்லாத ஞாயிறுகளில், அவர் பார்த்து ஒப்புக்கொடுத்த பிரசங்கத்தை வாசித்தால் போதும்.

எல்லையையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஆர்வத்தில் சிலர் அதைத் தாண்டியதைப் பார்த்திருக்கிறேன். முறைப்படி அழைக்கப்படாத ஒருவர் சபையில் வெளியரங்கமாகப் போதிக்கவோ திருவிருந்தின் அப்பமும் இரசமும் பரிமாறவோ கூடாது என்று நம் திருச்சபையின் விசுவாச அறிக்கையான 1530இன் அவுக்ஸ்புர்க் அறிக்கையின் 14ஆம் பிரிவு சொல்கிறது. சாகும் தறுவாயிலுள்ள குழந்தைக்கு மட்டும் எந்த விசுவாசியும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். கொடுத்த உடனே ஐயருக்குத் தெரிவிக்க வேண்டும். அதே சமயம், சகோதரர் ஒருவரோடொருவர் பேசித் தேற்றிக்கொள்வதையும் சுவிசேஷம் நம்மிடம் வந்துசேரும் வழிகளில் ஒன்றாக லுத்தர் 1536இல் சிமல்கால்டுப் பிரிவுகள் என்ற தம் விசுவாச அறிக்கையில் எழுதிவைத்தார். உங்கள் மனைவி கட்டிலருகே செய்வது அதுதான். அதற்கு யாருடைய சான்றிதழும் தேவையில்லை.

ஐயரைப் பற்றி நீங்கள் நேரடியாகக் குறை சொல்லவில்லை என்றாலும், மாதம் ஒருமுறைதான் வருகிறார் என்ற வரியில் ஒரு தாங்கல் தெரிகிறது. ஐந்து ஊர்களுக்கும் ஓடுகிற மனிதர் அவர். அடுத்த முதல் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அவரைக் குழுக் கூட்டத்தில் உட்கார வைக்காதீர்கள். சாப்பாடு போட்டு, இரண்டு நோயாளிகளின் வீட்டுக்கு அழைத்துப் போங்கள். அந்த ஆறு பேரில் இரண்டு பேர் கூடவே போகட்டும். அவர் எப்படிக் கட்டிலருகே உட்காருகிறார், எப்போது மௌனமாக இருக்கிறார் என்று பார்ப்பது 12 வாரக் குறிப்புகளைவிட அதிகம் கற்றுக்கொடுக்கும். முதல் வீடு உங்கள் வீடாகவே இருக்கட்டும். உங்கள் அம்மாவுக்குத் திருவிருந்து கிடைத்து எத்தனை மாதமாயிற்று என்பதையும் அன்றைக்குக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

வரும் செவ்வாய்க்கிழமை மாலை வகுப்பு இல்லை. எட்டு மணிக்கு வீட்டில் இருங்கள். அந்த அம்மாமார் இருவருக்கும் நீங்களே பாய் விரித்துக் கொடுத்துவிட்டு, அம்மாவின் கால்மாட்டில் உட்காருங்கள். உங்கள் மனைவி வாசிக்கட்டும். நீங்கள் திருத்த வேண்டாம், விளக்க வேண்டாம். அடுத்த கடிதத்தில் எத்தனை பேர் வந்தார்கள் என்று எனக்கு எழுதாதீர்கள். அம்மா எந்தச் சங்கீதத்தைக் கேட்டு வாங்கினார் என்று எழுதுங்கள்.