ஆகஸ்டுக்கு முன் எந்த கோடிங் வகுப்பு?

மகன் சிங்கப்பூரில் தேசிய சேவையை (என்எஸ்) முடித்து ஜூனில் ஓஆர்டி ஆகிறார், ஆகஸ்டில் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமான என்யுஎஸ்ஸில் கணினியியல் சேர்கிறார், இதுவரை ஒரு வரி புரோகிராம்கூட எழுதியதில்லை. கூடப் படிக்கப்போகும் பிள்ளைகள் செகண்டரியிலேயே கம்ப்யூட்டிங் எடுத்துப் பைத்தான் தெரிந்துகொண்டு வருகிறார்கள், அதனால் எட்டு வார கோடிங் வகுப்பு ஒன்றில் சேர்த்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் அம்மா. காசு மிச்சமாகும் என்பதற்காகச் சொல்லவில்லை. அந்த வகுப்பு சொல்லிக்கொடுப்பது ஒன்று, முதல் செமஸ்டர் கேட்பது இன்னொன்று.

அங்கே கணினியியல் மாணவர்கள் எடுக்கும் முதல் பாடம் சிஎஸ்1101எஸ். அதில் எழுதும் மொழிக்கு சோர்ஸ் என்று பெயர். ஜாவாஸ்கிரிப்ட்டிலிருந்து பெரும்பகுதியை வெட்டியெடுத்துவிட்டு மிஞ்சியதை நான்கு படிகளாக அடுக்கிய மொழி அது. முதல் படியில் லூப், அதாவது ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கும் கட்டளை, கிடையாது. ஒரு பெயருக்குக் கொடுத்த மதிப்பைப் பிறகு மாற்றவும் முடியாது. இவை இரண்டும் மூன்றாம் படியில்தான் வருகின்றன. ஆகவே, ‘ஃபார் லூப்’ போட்டே பழகிய பிள்ளை முதல் சில வாரம் கை ஒடிந்தது போல உட்கார்ந்திருக்கும். உங்கள் மகனுக்கு அந்தப் பழக்கமே இல்லை, இழக்கவும் ஒன்றுமில்லை. மொழியை இப்படிச் சுருக்கியது வேண்டுமென்றே செய்த வேலை. கருவி குறைந்தால் கணக்கை எப்படி உடைப்பது என்பதில் கவனம் போகும் என்பது பாடத்தை அமைத்தவர்களின் எண்ணம்.

எல்லா இடத்திலும் இப்படி இல்லை. சிங்கப்பூரின் மற்ற பல்கலைக்கழகங்களான என்டியூவிலும் எஸ்எம்யூவிலும் பைத்தானில் தொடங்குகிறார்கள். என்யுஎஸ்ஸிலேயே சிஎஸ்1010 சி மொழியில் நடக்கிறது, சிஎஸ்1010எஸ் பைத்தானில். 2001இல் கணினித் துறைச் சங்கங்களான ஏசிஎம், ஐஇஇஇ கணினிச் சங்கம் இரண்டும் சேர்ந்து வெளியிட்ட பாடத்திட்ட அறிக்கை, முதல் பாடத்தைத் தொடங்க ஆறு வழிகளைச் சொன்னது: கட்டளைகளில் தொடங்குவது, ஆப்ஜெக்ட்டில் தொடங்குவது, ஃபங்ஷனில் தொடங்குவது, துறை முழுவதையும் மேலோட்டமாகக் காட்டுவது, அல்காரிதத்தில் தொடங்குவது, வன்பொருளில் தொடங்குவது. இதுதான் சிறந்தது என்று அந்த அறிக்கை எதையும் கைகாட்டவில்லை. மொழியைத் துரத்துவது வீண் வேலை.

அப்படியானால் எதைப் படிக்கலாம்? ஒரே ஒரு விஷயம்: ரிகர்ஷன். தமிழில் தன்னழைப்பு என்றும் எழுதலாம். வகுப்பில் ரிகர்ஷன்தான். ஃபங்ஷன் என்பது ஒரு மதிப்பைக் கொடுத்தால் விடை தரும் சிறு நிரல். அது தன்னையே, இன்னும் சிறிய எண்ணோடு கூப்பிடுவதுதான் ரிகர்ஷன். ‘பெருக்கு(எ)’ என்று ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். எ 1 ஆக இருந்தால் விடை 1. இல்லையென்றால் விடை, எ × பெருக்கு(எ − 1). நான்குக்குக் கேட்டால் தாளில் இப்படி விரியும்:

பெருக்கு(4)
4 × பெருக்கு(3)
4 × (3 × பெருக்கு(2))
4 × (3 × (2 × பெருக்கு(1)))
4 × (3 × (2 × 1))
24

வரிகள் நீண்டு, பிறகு சுருங்குகின்றன. நடுவில் செய்யாமல் நிற்கும் பெருக்கல்கள் மூன்று. இயந்திரம் அவற்றை நினைவில் வைத்திருக்க வேண்டும். இதையே வேறு மாதிரி எழுதலாம்: இதுவரை பெருக்கி வந்த விடையையும் கூடவே தூக்கிக்கொண்டு போவது. (4, 1), (3, 4), (2, 12), (1, 24) என்று போகும்; நிலுவை எதுவும் இல்லை. இரண்டாவதிலும் ஃபங்ஷன் தன்னைத்தானே கூப்பிடுகிறது, ஆனால் நடக்கும் வேலையின் வடிவம் வேறு. சிஎஸ்1101எஸ் தொடக்கத்திலேயே மாணவரிடம் எதிர்பார்ப்பது இந்த வித்தியாசத்தைத்தான். கணினி இல்லாமல், பென்சிலால் இதை எழுதிக் காட்ட முடிந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

தவறு நடக்கும் இடங்களும் வழக்கமானவைதான். ‘எ 1 ஆனால் நிறுத்து’ என்ற வரியை மறந்துவிட்டால் 0, −1, −2 என்று கீழே போய்க்கொண்டே இருந்து, ‘மேக்ஸிமம் கால் ஸ்டாக் சைஸ் எக்ஸீடட்’ என்று திரையில் சிவப்பாக வரும். அந்த வரி இருந்தும், உள்ளே பெருக்கு(எ − 1) என்பதற்குப் பதில் பெருக்கு(எ) என்று போட்டாலும் அதே சிவப்பு. நிறுத்தும் வரி சரி, குறைப்பதும் சரி, ஆனால் யாராவது 0 கொடுத்துக் கூப்பிட்டால்? மறுபடியும் அதேதான். எண் எங்கிருந்து தொடங்குகிறது, எதை நோக்கிக் குறைகிறது, எங்கே நிற்கிறது என்ற மூன்றையும் ஓட்டிப் பார்ப்பதற்கு முன்பே வாயால் சொல்லிப் பழகட்டும். சோர்ஸ் அகாடமி என்ற தளத்தில் இந்த மொழியை உலாவியிலேயே ஓட்டிப் பார்க்கலாம். இந்தப் பாடத்துக்கான எஸ்ஐசிபி என்ற பாடநூலின் ஜாவாஸ்கிரிப்ட் பதிப்பும் இணையத்தில் இலவசம். முதல் அத்தியாயத்தைப் பாதி முடித்தாலே போதும். முழுப் புத்தகத்தையும் ஜூலைக்குள் முடிக்க வைத்துவிடாதீர்கள்.

அடுத்தது கணக்கு. இதைத்தான் பெற்றோர் பலர் கவனிப்பதில்லை. இரண்டு வருடம் என்எஸ்ஸில் இருந்துவிட்டு வரும் பையனுக்கு லாகரிதம் மறந்திருக்கும், அது இயல்பு, ஒரு வாரத்தில் திரும்பி வந்துவிடும். பத்து லட்சம் பெயர்கள் அகர வரிசையில் இருந்தால் பாதி பாதியாக ஒதுக்கி 20 கேள்விக்குள் ஒரு பெயரைப் பிடித்துவிடலாம் என்பது லாகரிதம்தான். இரண்டாம் செமஸ்டர் முழுக்க இந்தப் பேச்சுதான் ஓடும். மறந்தது பெரிய சிக்கல் இல்லை. படிக்கவே படிக்காததுதான் சிக்கல். இப்போதைய ஏ லெவல் எச்2 கணிதத்தில் கணிதத் தொகுத்தறிதல், அதாவது இண்டக்ஷன் இல்லை; மேட்ரிக்ஸும் இல்லை. இரண்டும் ஃபர்தர் மேத்ஸ் என்ற தனிப் பாடத்தில்தான் இருக்கின்றன. ஆனால் டிஸ்கிரீட் மேத்ஸ் (தொடர்பற்ற கணிதம்) பாடமான சிஎஸ்1231எஸ் இண்டக்ஷனை நம்பி நிற்கிறது, லீனியர் அல்ஜீப்ரா பாடமோ மேட்ரிக்ஸை. எச்2வில் ஏ வாங்கியவரும் இங்கே தடுமாறுவதற்கு இது ஒரு காரணம்.

நல்ல செய்தி, இண்டக்ஷனும் ரிகர்ஷனும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். 1 முதல் எ வரை கூட்டினால் எ(எ + 1)/2 வரும் என்று நிரூபிக்க, 1க்குச் சரியா என்று பார்க்கிறோம். பிறகு ஓர் எண்ணுக்குச் சரியென்றால் அடுத்த எண்ணுக்கும் சரி என்று காட்டுகிறோம். மேலே ‘நிறுத்தும் வரி’ என்றோமே, அதுதான் இங்கே முதல் படி. ஒன்றைப் படித்தால் மற்றது பாதி விலைக்குக் கிடைக்கும். ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரம், தாளும் பென்சிலும், ஆறு வாரம். கடைசி இரண்டு வாரம் பையனை விட்டுவிடுங்கள், இப்போதுதானே வெளியே வந்திருக்கிறார்.

எதற்கு இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இந்தப் பட்டப்படிப்பு ஏணி மாதிரி. 1101எஸ் தேறினால்தான் அடுத்த பாடங்களான 2030எஸ், 2040எஸ் எடுக்கலாம். அவை இரண்டும் முடிந்தால்தான் மென்பொருள் பொறியியல் பாடம் 2103டி. அல்காரிதம் பாடம் 3230க்கு 2040எஸ்ஸும் வேண்டும், டிஸ்கிரீட் மேத்ஸ் பாடமான 1231எஸ்ஸும் வேண்டும். முதல் செமஸ்டரில் ஒன்று நழுவினால் அந்தப் பாடம் மட்டும் போகாது, பின்னால் வருவதெல்லாம் ஒரு செமஸ்டர் தள்ளிப்போகும், இன்டர்ன்ஷிப் தேடும் நேரமும் அதோடு சேர்ந்து தள்ளும். மாணவர்களே உருவாக்கிய என்யுஎஸ்மாட்ஸ் தளத்தில் எந்தப் பாடத்தைத் திறந்தாலும் இந்த ஏணி படமாகவே இருக்கும். மகனோடு உட்கார்ந்து 2103டியைத் திறந்து கீழ்நோக்கிப் பாருங்கள். பட்டத்தின் பெயரைப் பார்ப்பதைவிட இது பயன்.

உங்கள் கணவர் கேட்டதையும் விட்டுவிடக் கூடாது: ஏஐயே எல்லாம் எழுதிவிடுமே, இதைப் படித்து என்ன வேலை? ஏஐ வளரும் காலத்தில் பாடத்திட்டம் எழுதுகிறவர்கள் கணக்கைத்தான் கூட்டினார்கள். மேலே சொன்ன பாடத்திட்ட அறிக்கையின் 2013 பதிப்பில் ‘தொடர்பற்ற கட்டமைப்புகள்’ என்று இருந்த பகுதி, சிஎஸ்2023 பதிப்பில் ‘கணித, புள்ளியியல் அடித்தளங்கள்’ என்று விரிந்துவிட்டது. புள்ளியியலும் லீனியர் அல்ஜீப்ராவும் உள்ளே வந்துவிட்டன. வீட்டுப் பாடத்துக்கு ஏஐயைக் கேட்பதில் உள்ள ஆபத்து வேறு. சரியான விடையைப் படித்தால் நமக்கே புரிந்துவிட்டது போலத் தோன்றும். தேர்வு அறையில் வெறுந்தாள் முன்னால்தான் அது பொய் என்று தெரியும். 40 நிமிடம் தானே முயன்று, எந்தச் சிறிய எண்ணுக்கு விடை தவறுகிறது என்று குறித்துக்கொண்டு, பிறகு ‘என் யோசனையில் ஓட்டை எங்கே’ என்று கேட்கட்டும். ‘எழுதித் தா’ என்று கேட்கக் கூடாது.

பயிற்சி வகுப்புகளுக்குச் சிங்கப்பூர் அரசு கொடுக்கும் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கிரெடிட்டில் அந்த வகுப்புக்குக் கட்டலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். அது 25 வயது முதல்தான், உங்களுடையதை மகனுக்காக எடுக்கவும் முடியாது.

சேர்ந்த பிறகு மார்க் கேட்காதீர்கள். ‘ஸ்டூடியோ’வுக்குப் போனாயா என்று கேளுங்கள். 1101எஸ்ஸில் சீனியர் மாணவர் ஒருவர் சிறு குழுவை வைத்துக்கொண்டு வாராவாரம் நடத்தும் வகுப்பு அது. அந்தச் சீனியரை அவெஞ்சர் என்பார்கள். ஸ்டூடியோவுக்கு மட்டம் போடத் தொடங்கினால்தான் கவலைப்பட வேண்டும். செமஸ்டர் 13 வாரம், ஆறாவது வாரம் முடிந்ததும் ரிசெஸ் வீக் என்ற ஒரு வார இடைவேளை. அதைத் தாண்டிப் பாடத்தைக் கைவிட்டால் எஃப் விழும், அதனால் விடுவதா வேண்டாமா என்ற பேச்சு அதற்குள் முடிய வேண்டும். சரியான தேதியை அந்த வருட அட்டவணையில் பாருங்கள். தீபாவளி வருவது அக்டோபர் பாதிக்குப் பிறகோ நவம்பரிலோ, தேர்வுக்குச் சில வாரமே இருக்கும்போது. ஊருக்கு டிக்கெட் போடுவதாக இருந்தால் டிசம்பருக்குப் போடுங்கள்.