சிறு நிதியும் கிராம சபையும் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

தங்கச்சிமடத்தில் நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து சின்னதாக ஓர் அறக்கட்டளை நடத்துகிறோம். குடும்பத் தகராறைப் பேசித் தீர்ப்பது, குடிக்கு அடிமையானவர்களைச் சிகிச்சைக்கு அனுப்புவது, பள்ளியை விட்ட பிள்ளைகளைத் திரும்பச் சேர்ப்பது, இதுதான் வேலை. இப்போது ஒரு நிறுவனம், மக்களை ஊர்ப் பொது விஷயங்களில் பங்கெடுக்க வைப்பதற்கென்று சிறு நிதி தர முன்வந்திருக்கிறது. ஒரு லட்சத்துக்கும் குறைவுதான். குடும்பப் பிரச்சினை பார்க்கிற நமக்கு இது எதற்கு, அரசியல் என்று பெயர் வந்துவிடாதா என்று எங்களுக்குள்ளேயே இரண்டு கருத்து. என்ன செய்யலாம்?

– ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

வாங்கிக்கொள்ளுங்கள். புருஷன் குடித்துவிட்டு அடிப்பதை உங்களிடம் வந்து சொல்கிற பெண், தெருக்குழாயில் தண்ணீர் வராததை வேறு யாரை நம்பிச் சொல்லப்போகிறாள்? பள்ளியை விட்ட பெண்பிள்ளையின் கதையைக் கேட்டுக்கொண்டே போனால் கழிப்பறையிலோ பேருந்திலோ போய் நிற்கும். அதை வீட்டுக்குள் உட்கார்ந்து பேசித் தீர்க்க முடியாது.

கட்சிக்கு ஆள் சேர்த்தால் அரசியல் என்ற பெயர் வரும், அதைச் செய்யவும் கூடாது. ஆனால் ஊர்ப் பொது விஷயம் பேசுவதற்கான இடம் கிராம சபை. அது கட்சிக் கூட்டம் அல்ல, 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டப்படி நடப்பது. ஊர் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோருக்கும் அதில் இடம் உண்டு. (பக்கத்திலேயே ராமேஸ்வரம் நகராட்சி, மண்டபம் பேரூராட்சி. அங்கே கிராம சபை கிடையாது, பகுதி சபைதான். உங்களிடம் வரும் குடும்பம் எந்த எல்லைக்குள் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.)

பணம் சின்னது என்று தயங்காதீர்கள். கடல்பாசி எடுக்கப் போகும் பெண்களையே எடுத்துக்கொள்வோம். விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, மூச்சைப் பிடித்து முங்கி, பாறையில் இருக்கிற மரிக்கொழுந்து, கட்டக்கோரை என்ற பாசி வகைகளைப் பிய்த்து வருகிறவர்கள். அதுவும் கடல் வாய்ப்பாக இருக்கும் நாட்களில்தான் முடியும். அப்படி ஒரு நாளில் கிராம சபை வந்தால் கூலியை விட்டுவிட்டு எப்படி வருவார்கள்? அந்த ஒருநாள் வருமானத்துக்கு ஈடு, ஷேர் ஆட்டோ காசு, கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள், மனுவுக்கு ஜெராக்ஸ். உங்கள் நிதி போகவேண்டிய இடம் இதுதான். தயவுசெய்து பேனருக்கும் மண்டப வாடகைக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

மே 1 கிராம சபைக் கூட்டத்தைக் குறிவையுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். ஆண்களும் கரையில் இருப்பார்கள். தடைக்கால நிவாரணம் கிடைக்காத வீடுகளின் பட்டியலை ஏப்ரலிலேயே எடுக்க ஆரம்பித்தால் பேசுவதற்குக் கையில் ஒரு விஷயம் இருக்கும். பாம்பனில் மீனவர்களுக்காகவே நடக்கும் கடல் ஓசை வானொலி இருக்கிறது, கூட்டத்தைப் பற்றிச் சொல்ல முடியுமா என்று அவர்களிடமும் கேட்டுப் பாருங்கள்.

கூட்டத்துக்கு வரவைத்தால் மட்டும் போதாது. கோரம், அதாவது கூட்டம் செல்லத் தேவையான குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கை, சேர்வதற்காக மகளிர் குழுவைக் கூட்டிவந்து, நோட்டில் கையெழுத்து வாங்கி அனுப்பிவிடுவது பல ஊர்களில் நடக்கிறது. தீர்மானத்தை வாசித்துக் காட்டுங்கள், அப்புறம் கையெழுத்துப் போடுகிறோம் என்று எழுந்து சொல்ல ஒரு பெண்ணுக்குப் பழக்கம் வரவேண்டும். அதை முன்கூட்டியே உங்கள் அறையில் சொல்லிப் பார்த்துக்கொள்ளட்டும். ஆனால் சபையில் அவளுக்குப் பதிலாக நீங்கள் பேசிவிடாதீர்கள், நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும்.

கையெழுத்திடுவதற்கு முன் நிதி கொடுப்பவரிடம் இரண்டு விஷயம் பேசிவிடுங்கள். ஒன்று, அது உள்நாட்டுப் பணமா, வெளிநாட்டுப் பணமா? 2020-இல் வெளிநாட்டு நிதிச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, அப்படி வாங்கிய பணத்தை ஒரு நிறுவனம் இன்னொரு நிறுவனத்துக்குக் கொடுக்க முடியாது. தெரியாமல் வாங்கினால் வருடக்கணக்காகச் சேர்த்த நல்ல பெயர் போய்விடும். இன்னொன்று, அறிக்கை. எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை போட்டோ என்று மட்டும் கேட்பார்கள். எந்த மனு தீர்மானமானது, ஆறு மாதம் கழித்து அது என்ன ஆனது என்று எழுதுகிறோம் என நீங்களே சொல்லுங்கள். அதற்கு ஆறு மாதம் பொறுக்க முடியாது என்றால், அந்தப் பணம் வேண்டாம்.