மொரீஷியஸ் தலைநகர் போர்ட் லூயிஸில் குன்றுமேல் இருக்கும் அடிலெய்ட் கோட்டைக்கு ஏறிப் போவது வீணா?

உள்ளே ஒன்றுமில்லை என்று யாரோ சொன்னதாகக் கேட்டிருக்கிறீர்கள். கல்லைப் பார்க்கப் போங்கள். சுவர் முழுக்க இந்தத் தீவின் எரிமலைக் கருங்கல். தடவினால் சின்னச் சின்னத் துளைகள் விரலில் தட்டுப்படும்.

1834இல் ஆங்கிலேயர் தொடங்கி 1840இல் முடித்தார்கள். 1835இல் அடிமைமுறை ஒழிந்தது. அதை எதிர்த்துப் பிரெஞ்சுத் தோட்ட முதலாளிகள் கலகம் செய்வார்களோ என்ற பயத்தில்தான் இதைக் கட்டினார்கள். கலகம் வரவில்லை! பெயர் நான்காம் வில்லியம் மன்னரின் மனைவியுடையது, நமக்கெல்லாம் அது வெறும் ‘சித்தாடெல்’, அதாவது பிரெஞ்சில் கோட்டை.

அப்புறம் மேலிருந்து கீழே பாருங்கள்: துறைமுகம், 1812இல் தொடங்கிய ஷான் தெ மார்ஸ் குதிரைப் பந்தயத் திடல். 18ஆம் நூற்றாண்டில் புதுச்சேரியிலிருந்து வந்த நம் கைவினைஞர்களும் சேர்ந்து கட்டிய ஊர் அது. வெயில் ஏறுமுன் போய்விடுங்கள்.