படப்பலகையை முதலில் நீங்கள் தொடுங்கள்

கேள்வி: என் மகனுக்கு நாலரை வயது. ஆட்டிசம் இருப்பதாக வைத்தியர் சொல்லியிருக்கிறார். நாங்கள் சொல்வது ஓரளவு விளங்கினாலும் இரண்டொரு சொல்லுக்கு மேல் பேசுவதில்லை. பேச்சு சிகிச்சையாளர், படங்களைத் தொட்டு வேண்டியதைச் சொல்ல உதவும் படப்பலகையையும், படத்தைத் தொட்டால் குரல் வரும் டேப்லெட் செயலியையும் பழக்கச் சொன்னார். அப்படிப் பழக்கினால் பிறகு வாயே திறக்கமாட்டான் என்று மாமி தடுக்கிறார். முன்பள்ளியில் ஆங்கிலம் என்பதால் வீட்டில் தமிழை விட்டுவிடலாமா என்றும் யோசிக்கிறேன்.
– ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: அன்புச் சகோதரிக்கு,

உங்கள் மாமிக்கு இருக்கும் அச்சம் பேரப்பிள்ளை மேலுள்ள பாசத்தால் வருவது. அதை மதித்தே பதில் சொல்ல வேண்டும். வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்கள் இத்தகைய கருவிகளைப் பயன்படுத்தும்போது அவர்களுடைய பேச்சுக்கு என்ன நேர்கிறது என்பது குறித்து வெளிவந்த ஆய்வுகளை, மில்லர், லைட், ஷ்லோசர் ஆகிய மூவர் தொகுத்து 2006இல் வெளியிட்டனர். நம்பகமான சான்று கிடைத்த 27 பேரில் ஒருவருக்குக்கூடப் பேச்சு குறையவில்லை, பெரும்பாலானோருக்குக் கூடியிருந்தது. அந்த முன்னேற்றம் பலரிடம் சிறிய அளவிலேயே இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். பலகை பேச்சைக் கொண்டுவரும் என்று நான் வாக்குத் தரமாட்டேன். ஆனால் பேச்சு வரும்வரை உங்கள் மகன் தன் பசியையும் நோவையும் சொல்ல வழியின்றி இருக்க வேண்டியதில்லை.

இனி, நான் மிகவும் வற்புறுத்த விரும்புவதைச் சொல்கிறேன். பேசும் பிள்ளை முதற்சொல்லைச் சொல்லுமுன் ஏறக்குறைய ஓராண்டு காலம் பிறர் பேசுவதைக் கேட்டிருக்கிறது. படங்களைத் தொட்டுப் பேசும் ஒருவரையேனும் உங்கள் மகன் இதுவரை கண்டிருக்கமாட்டான். ஆகவே பலகையை அவன் முன் வைத்து, "பாலைக் காட்டு, பந்தைக் காட்டு" என்று சோதிக்க வேண்டாம். நீங்கள் தேத்தண்ணி ஊற்றும்போது "அம்மாவுக்குத் தேத்தண்ணி வேணும்" என்று சொல்லிக்கொண்டே அந்தப் படங்களை நீங்களே தொடுங்கள். கடற்கரையிலிருந்து திரும்பும்போது "முடிஞ்சுது, வீட்டுக்குப் போவம்" என்று சொல்லித் தொடுங்கள். அப்பாவும் அப்பம்மாவும் அவ்வாறே செய்யட்டும். அவன் பார்க்காததுபோல் இருந்தாலும் நிறுத்த வேண்டாம், அவன் கையைப் பிடித்து அழுத்தவும் வேண்டாம். ஏதாவது கேட்டுவிட்டால் மனதுக்குள் பத்து வரை எண்ணியபடி பொறுத்திருங்கள். நம்மில் பலர் அந்த இடைவெளியைத் தாங்கமாட்டாமல் நாமே பதிலையும் சொல்லிவிடுகிறோம். இப்படிப் பல மாதங்கள் செல்லக்கூடும்.

பலகையில் உணவுப் பெயர்களை மட்டும் நிரப்பிவிடாதீர்கள். வேணும், வேணாம், இன்னும், முடிஞ்சுது, வா, போ, உதவி, நோகுது போன்ற, எங்கும் பயன்படும் சொற்களே அவனுக்கு முதலில் தேவை. அவன் "வேணாம்" என்று தொட்டால், மருந்து போன்ற தவிர்க்க முடியாதவை நீங்கலாக, அதற்கு மதிப்புக் கொடுங்கள். மறுக்கும் உரிமை இல்லாத மொழியை எந்தப் பிள்ளையும் விரும்பாது. ஒரு முறை வைத்த படத்தின் இடத்தை மாற்ற வேண்டாம், ஏனெனில் விரல் இடத்தை வைத்தே பழகுகிறது. ஆங்கில வரிசையில் அமைந்த பலகைகளில் வினைச்சொற்கள் பொருட்களின் பெயருக்கு முன்னே நிற்கும். தமிழில் வினை இறுதியில் வருவதால், ஆட்களை இடப்பக்கமும் பொருட்களை நடுவிலும் வினைகளை வலப்பக்கமும் வைக்குமாறு சிகிச்சையாளரிடம் கேளுங்கள்.

சென்னையில் உருவான ஆவாஸ் செயலியில் தமிழ் உண்டு. எந்தச் செயலியானாலும், குரல் பதியும் வசதி இருந்தால் உங்கள் வீட்டுப் பேச்சிலேயே, முடிந்தால் உறவுக்காரச் சிறுவன் ஒருவனின் குரலில் பதியுங்கள். அந்த டேப்லெட்டில் கார்ட்டூன் காட்டாதீர்கள், குழப்படி செய்தான் என்று பறித்தும் வைக்காதீர்கள். மழைக்கும் கடற்கரைக்கும் லெமினேட் செய்த பலகை ஒன்று எப்போதும் பையில் இருக்கட்டும்.

தமிழை விடத் தேவையில்லை. இரு மொழிகளுக்கு நடுவே வளர்வதால் ஆட்டிசமுள்ள பிள்ளைகளின் மொழி வளர்ச்சி மேலும் பின்தங்குவதாக ஆய்வுகள் காட்டவில்லை. அப்பம்மாவோடு பேசுவதற்கான மொழியை அவனிடமிருந்து எடுத்துவிட்டால் அந்த வீட்டில் அவன் இன்னும் தனித்துப்போவான்.

செவிப்புலனை இதுவரை பரிசோதிக்கவில்லை என்றால் தாமதிக்காமல் செய்வியுங்கள். ராகமையில் களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தை அண்டியுள்ள அயதி நிலையத்திலும் இவனைப் போன்ற பிள்ளைகளுக்கான சேவைகள் உண்டு. அடுத்த முறை சிகிச்சையாளரிடம் போகும்போது மாமியையும் அழைத்துச் செல்லுங்கள். அவருடைய கேள்விகளை அவரே கேட்கட்டும். பலகையின் பிரதியொன்றை, படங்களின் கீழே ஆங்கிலச் சொல்லும் எழுதி, முன்பள்ளி ஆசிரியையிடம் கொடுத்து, அவரும் முதலில் தானே தொட்டுக் காட்ட வேண்டும் என்று சொல்லிவையுங்கள்.