வாசகர் கேள்வி பதில்: கல்லூரி பேஸ்பாலிலிருந்து ஸ்பிரிங் டிரெய்னிங்குக்கு

கேள்வி: அமெரிக்காவில் கல்லூரி அணியில் ஆடியவர்கள் யார் வேண்டுமானாலும் ஸ்பிரிங் டிரெய்னிங் கேம்புக்குப் போய்த் திறமையைக் காட்டலாமா?

பதில்: முடியாது. சீசனுக்கு முன் தொழில்முறை அணிகள் ஃப்ளோரிடாவிலும் அரிசோனாவிலும் நடத்தும் இந்தப் பயிற்சி கேம்புகள் பொதுவாக அணியோடு ஒப்பந்தம் ஆனவர்களுக்குத்தான். புதிய ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் ஜூலை டிராஃப்ட் 2021 முதல் 20 சுற்றாகச் சுருங்கிவிட்டது. 2019 வரை 40 சுற்று இருந்தது. நான்காண்டுக் கல்லூரி மாணவர் என்றால் மூன்றாம் ஆண்டை முடித்திருக்க வேண்டும், அல்லது 21 வயது ஆகியிருக்க வேண்டும். எந்தச் சுற்றிலும் பெயர் வராத ஆட்டக்காரரை அணிகள் நேரடியாக எடுத்துக்கொள்ளலாம். அதுவும் அமையாதவர்களுக்கு ஃபிரான்டியர் லீக், அமெரிக்கன் அசோசியேஷன் போன்ற, பெரிய லீக் (மேஜர் லீக்) அணிகளைச் சாராத தனி லீக்குகள் இருக்கின்றன.

கேள்வி: என் அக்கா மகன் கல்லூரியில் நன்றாக அடித்தவன். முதல் கேம்புக்குப் போகப்போகிறான். மர மட்டையை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது என்கிறான்.

பதில்: அந்தப் பயம் நியாயமானதுதான். கல்லூரியில் உலோக மட்டை, தொழில்முறை ஆட்டத்தில் மர மட்டை. 33 அங்குல மட்டை 30 அவுன்ஸுக்குக் குறையக் கூடாது என்பது விதி. 2011 முதல் கல்லூரி மட்டைகளின் துள்ளலுக்கு வரம்பு வந்துவிட்டதால், நடுவில் சரியாகப் பட்ட பந்து மரத்திலும் ஏறக்குறைய அதே வேகத்தில்தான் போகும். சிக்கல் நடுவில் படாத பந்தில். கைப்பிடிக்கு அருகே பட்டால் உலோக மட்டையில் அது இன்ஃபீல்டை (பேஸ்களைச் சுற்றிய உள்பகுதியை) தாண்டி விழுந்துவிடும். மர மட்டை உடையும், பந்து அதை எறிந்த பிட்சரிடமே உருளும்.

உடைந்த மட்டையைத் தூக்கி எறிய வேண்டாம், உடைந்த இடத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். அடிக்கடி கைப்பிடிப் பக்கம் உடைந்தால் வீச்சு தாமதம். நுனிப் பக்கம் உடைந்தால் அவசரப்பட்டு வெளிப்பந்தை (உடலிலிருந்து விலகி வரும் பந்தை) எட்டி அடிக்கிறார். மேப்பிள் மட்டையில் முத்திரை வானத்தையோ தரையையோ பார்க்கும்படி பிடிக்க வேண்டும். முத்திரையின் பக்கம் பந்து பட்டால் எளிதில் பிளக்கும். டிசம்பரிலிருந்தே உலோக மட்டையைத் தொடாமல், பந்து எறியும் மெஷினை உள்பந்துக்கு (உடலை ஒட்டி வரும் பந்துக்கு) வைத்து மரத்தில் மட்டும் அடித்துப் பழகட்டும். கேம்புக்குப் போய்ப் பழகிக்கொள்ளலாம் என்று விட்டால் காலம் போதாது.

கேள்வி: புதிய பிட்சர்கள் முதல் கேம்பிலேயே முழங்கை வலி என்று உட்கார்ந்துவிடுவது ஏன்?

பதில்: இரண்டு காரணங்கள். கல்லூரியில் முதன்மை பிட்சர் வாரத்துக்கு ஒருமுறை, பெரும்பாலும் வெள்ளிக்கிழமை, எறிவார். தொழில்முறை அணியில் ஐந்து அல்லது ஆறு நாளுக்கு ஒருமுறை. இன்னொன்று, வேகமானியைப் பார்த்ததும் முதல் நாளே முழு வேகத்தில் எறிவது. முன்கைத் தசை களைத்துப்போனால் இழுவை முழுவதும் முழங்கைத் தசைநாரில் இறங்கும். அது கிழிந்தால் அதற்குப் பதில் வேறு நாரைப் பொருத்தும் டாமி ஜான் அறுவை சிகிச்சை, பிறகு ஒரு வருடத்துக்கு மேல் ஓய்வு.

ஜனவரியில் வாரம் இரண்டு முறை 20 முதல் 25 பந்து, முதலில் நேர்பந்து மட்டும், பிறகு வளைபந்து. கேம்பில் இறங்கும் நாளில் 35 முதல் 40 பந்து வலியில்லாமல் வர வேண்டும். அதன் பிறகு ஒவ்வொரு ஆட்டத்துக்கும் சுமார் 15 பந்து கூட்டலாம்.

அறுவை சிகிச்சையோடு கதை முடிந்துவிடாது. தாய்வழியில் இந்திய வம்சாவளியான குமார் ராக்கர் 2019-இல் வாண்டர்பில்ட் பல்கலைக்கழக அணிக்காக, டியூக் பல்கலைக்கழகத்துக்கு எதிரான நோ-ஹிட்டரில் (எதிரணிக்கு ஒரு ஹிட்கூடத் தராத ஆட்டத்தில்) 19 பேரை ஸ்ட்ரைக்-அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் வெளியேற்றுவது) செய்தவர். 2021 டிராஃப்டில் மெட்ஸ் அணி 10-ஆவதாகத் தேர்ந்தெடுத்தும், மருத்துவப் பரிசோதனைக்குப் பின் ஒப்பந்தம் தரவில்லை. அடுத்த ஆண்டு ரேஞ்சர்ஸ் அணி 3-ஆவதாக எடுத்தது. 2023-இல் டாமி ஜான் சிகிச்சை. 2024 செப்டம்பரில் பெரிய லீக்கில் இறங்கிவிட்டார்.

கேள்வி: முதல் கேம்பிலேயே பெரிய அணியில் இடம் கிடைக்குமா? சம்பளம் உண்டா?

பதில்: இடம் அரிது. 2023 டிராஃப்டில் முதல் தேர்வான பால் ஸ்கீன்ஸே அடுத்த சீசனை மைனர் லீக்கின் (பெரிய லீக்குக்குக் கீழுள்ள நிலைகளின்) உச்சமான டிரிபிள்-ஏ-வில்தான் தொடங்கினார், மே மாதம்தான் மேலே வந்தார். மற்றவர்களில் பலர் மார்ச் கடைசியில் மைனர் லீக்கின் நான்கு நிலை அணிகளுக்குப் பிரிக்கப்படுவார்கள். மீதிப் பேர் கேம்பிலேயே தங்கிப் பயிற்சியைத் தொடர்வார்கள். மைனர் லீக் ஆட்டக்காரர்களுக்கான 2023 ஒப்பந்தப்படி கேம்ப் வாரங்களுக்கும் ஊதியம் உண்டு. நான்கில் கீழ்நிலையான சிங்கிள்-ஏ-வில் ஆண்டுச் சம்பளம் அந்த ஆண்டு 26,200 டாலர்.

2024 முதல் ஓர் அணி சீசனில் உள்நாட்டில் 165 மைனர் லீக் ஆட்டக்காரர்களைத்தான் வைத்திருக்கலாம். அதனால் மார்ச்சில் பலர் விடுவிக்கப்படுகிறார்கள். கேம்ப் முடியும்வரை எந்த ஊரிலும் ஒரு வருட வாடகை ஒப்பந்தம் போட வேண்டாம். பட்டம் பாக்கி இருந்தால் கல்லூரிப் பதிவை ரத்து செய்யவும் வேண்டாம்.